பதினேழாம் நம்பர் மருந்து

ஜலகண்டாபுரம்
4.8.2024

அன்புள்ள மோகனா அக்காவுக்கு,

நாலு நாளா நான் போன் எடுக்கலைன்னு பயந்திருப்பே. எனக்கு ஒண்ணும் ஆகலை. போனைத்தான் அம்மா புடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க.

சங்ககிரியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடு வந்துட்டுப் போனாங்க. புடிச்சிருக்குன்னு சொல்லி, பையன் என் நம்பரை வாங்கினான். மூணாவது நாள் பேசும்போது, "உங்களுக்கு ஏதாச்சும் கேக்கணுமா"ன்னான். "கேக்க ஒண்ணும் இல்லீங்க, சொல்லத்தான் ஒண்ணு இருக்கு. பதினாலு வயசிலிருந்து எனக்கு வலிப்பு இருக்குதுங்க. மூணு வகை மாத்திரை சாப்பிட்டும் மாசத்துக்கு ரெண்டு தடவை வருது"ன்னு சொல்லிப்போட்டேன். அப்புறம், "அம்மா கூப்பிடறாங்க, வெச்சிடறேனுங்க"ன்னான். அவ்வளவுதான்.

மறுநாள் தரகர் வாசல்ல நின்னு கத்தினார். அப்பா நாலு தறியையும் நிறுத்திட்டு வெளியே வந்தார். பட்டப்பகல்ல அப்பா தறியை நிறுத்தி நான் ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன். முதல் தடவை, நீ மாதேஸ்வரன் மாமாவைக் கட்டிக்கிட்டேன்னு சேதி வந்தப்ப. "பெரியவ வேற சாதியில போயி எங்க மூஞ்சியில கரியைப் பூசினா, சின்னவ வாயாலயே கெடுத்துக்கிறா"ன்னு அம்மா அழுதாங்க. உன் பேச்சை அவங்க எடுத்தது ரெண்டு வருசத்துல இதான் முதல் தடவை. அதுக்காக நான் கொஞ்சம் சந்தோசப்பட்டேன்.

இனிமே லெட்டர்தான் அக்கா. தறிக்கு நூல் தார் சுத்த வர்ற பொன்னாயி அக்கா தபால்ல போட்டுடறேன்னாங்க. நீயும் அவங்க விலாசத்துக்கே எழுது. உன் லேபுல எலிகளெல்லாம் எப்படி இருக்கு?

உன் தங்கச்சி
தனம்


குமாரபாளையம்
13.8.2024

கண்ணு தனம்,

லெட்டரைப் பார்த்தப்புறம்தான் உசிரு வந்தது. நீ அந்தப் பையன்கிட்டச் சொன்னது சரிதான். வேற யாரு என்ன சொன்னாலும் அதை மாத்திக்காதே.

உன்கிட்டப் போன்ல கத்திச் சொல்ல ஒரு சேதி வெச்சிருந்தேன். எங்க காலேஜுல வேதியியல் பிரிவுக்காரங்க வரிசையா புது மருந்து செஞ்சு நம்பர் போட்டுத் தருவாங்க, அதுக்கு வலிப்பை அடக்குற சக்தி இருக்கான்னு பார்க்கிறதுதான் என் ஆராய்ச்சின்னு உனக்குத் தெரியுமே. பதினாறு நம்பர் வரைக்கும் ஒண்ணும் தேறலை. போன வியாழக்கிழமை பதினேழாம் நம்பர். இளமஞ்சள் பொடி.

சுண்டெலிக்கு மருந்தைக் கொடுத்து அரை மணி கழிச்சு, ரெண்டு காதுலயும் சின்ன கிளிப் மாட்டி, கண்ணை இமைக்கிற நேரத்துக்குக் கரண்ட் விடுவோம். மருந்து கொடுக்காத எலி பின்னங்கால் ரெண்டையும் விறைச்சுப் பின்னால நீட்டிடும். மருந்து வேலை செஞ்சா கால் நீளாது. மருந்து கொடுக்காத ஆறும் நீட்டிச்சு. பதினேழு கொடுத்த ஆறுல அஞ்சு நீட்டவே இல்லை. எலிக் கூடத்தைப் பார்த்துக்கிற கந்தப்பன் அண்ணன், "ஏனுங்க மேடம், மிசின்ல கரண்ட் வருதுங்களா"ன்னு ஒயரைத் தொட்டுப் பார்க்கப் போயிட்டார். அந்த அஞ்சும் எழுந்து மூக்கைத் தொடைச்சுக்கிட்டுத் தீனி தேடிச்சு.

நான் கை கழுவிட்டு வெளியே வந்து அழுதேன். என் கைடு பிரபாகர் சார் பார்த்துட்டு ஒண்ணும் கேக்காமப் போயிட்டார். உனக்காகத்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன் தனம். தை மாசத்துக்குள்ள முக்கியமான சோதனையெல்லாம் முடிஞ்சிடும். தைரியமா இரு.

அன்புடன்
அக்கா மோகனா


ஜலகண்டாபுரம்
25.8.2024

அக்கா,

உன் லெட்டரை ஏழு தடவை படிச்சேன். எட்டாவது தடவை படிக்கும்போது அம்மா வந்துட்டாங்க, அரிசி டப்பாவுக்குள்ள போட்டுட்டேன்.

சந்தோசம்தான். ஆனா ஒண்ணு சங்கடமா இருக்கு. அந்தச் சுண்டெலிக்கு வலிப்பே கிடையாதே. நல்லா இருக்கிற உசிருக்கு நீங்களா வலிப்பை வரவெச்சுத்தானே என்னுதை நிறுத்த வழி தேடறீங்க? அது முழிக்கும்போது நாக்கைக் கடிச்சிருக்குமா? எனக்கு ஆனப்புறம் வாயெல்லாம் இரும்பு ருசி. சுத்தி நிக்கிறவங்க மொகத்தைப் பார்க்க முடியாது. பரீட்சை ஹால்ல விழுந்தப்ப, முழிச்சதும் நான் முதல்ல துணியைத்தான் தடவிப் பார்த்தேன், ஈரமா இருக்கான்னு. அதோட காலேஜுக்குப் போகலை. எலிக்கு அந்த வெக்கம் இல்லை. அது கொடுத்து வெச்சது.

சோதனை முடிஞ்சப்புறம் அதுகளை என்ன பண்ணுவீங்க? மறைக்காமச் சொல்லு. அடுத்த சோதனையில எனக்குன்னு ஒரு எலியை ஒதுக்கு. அதுக்கு என்ன ஆகுதோ அதை மட்டும் எனக்குத் தனியா எழுது.

தை வரைக்கும் ஜாதகத்தை எடுக்க வேண்டாம், அதுக்குள்ள எனக்கு நல்லாயிடும்னு அம்மாகிட்டச் சொன்னேன். "எப்படிடீ"ன்னாங்க. அக்கா மருந்து கண்டுபுடிச்சிருக்குன்னு சொல்ல முடியுமா? சாமி கனவுல சொல்லுச்சுன்னேன். உடனே ஒத்துக்கிட்டாங்க.

தனம்


குமாரபாளையம்
15.9.2024

கண்ணு தனம்,

கேட்டதுக்கு மறைக்காமச் சொல்றேன். சோதனை முடிஞ்சதும் மயக்கம் கொடுத்துக் கொன்னுடுவோம். மூளையை எடுத்துப் பார்க்கணும். ஒவ்வொரு உசிருக்கும் கமிட்டியில அனுமதி வாங்கி, கணக்கு எழுதித்தான் செய்யறோம். ஆனாலும் கொல்றது கொல்றதுதான். முதல் வருசம் நான் சாப்பிட முடியாம இருந்தது மாமாவுக்குத் தெரியும்.

போன லெட்டர்ல நான் அவசரப்பட்டுட்டேன். அதை இப்பவே திருத்தணும். பதினேழு எல்லாச் சோதனையிலயும் ஜெயிச்சாலும், அது மனுசங்க கைக்கு வரப் பத்துப் பன்னெண்டு வருசம் ஆகும். தை மாசம் முடியறது என் சோதனை மட்டும்தான். உன் வலிப்பு தைக்குள்ள நின்னுடும்னு நான் சொல்லலை. ஆனா நீ அப்படி நினைக்கிற மாதிரி எழுதினது நான்தான். அம்மாகிட்டக் கெடு வாங்கியிருக்கேன்னு நீ எழுதினதைப் படிச்சதும் இந்த லெட்டரை எழுத உக்காந்துட்டேன்.

அடுத்த சோதனைதான் பெரிசு. கரண்ட் வெச்சு ஒரே தடவை வரவெக்கிற வலிப்பு வேற, உன்னுது வேற. உன்னுது மூளையிலயே பழகிப் போனது. அதே மாதிரி மூளையைப் பழக்க, பெரிய வெள்ளை எலிகளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வலிப்பைத் தூண்டுற மருந்தைக் கொஞ்சமா ஊசி போடுவோம். முதல்ல சும்மா உக்காந்திருக்கும். அப்புறம் காது துடிக்கும், தலை ஆடும். ஒண்ணரை மாசத்துல அதே கொஞ்ச மருந்துக்கு முழு வலிப்பே வரும். அப்படி மூளை பழகின எலிக்குத்தான் பதினேழைக் கொடுத்துப் பார்க்கணும்.

மூணாவது கூண்டுல, வால்ல ரெண்டு நீலக் கோடு போட்டது உன்னுது. பெட்டை. ஊசி போட எடுக்கும்போது மத்ததெல்லாம் ஓடும், இது மட்டும் நின்னு பார்க்குது.

அக்கா


ஜலகண்டாபுரம்
6.10.2024

அக்கா,

இடது கையால தாடையைப் புடிச்சுக்கிட்டு எழுதறேன். எழுத்து கோணினா மன்னிச்சுக்கோ. புதன்கிழமை காலையில அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோனேன். தறி ஓடிட்டிருந்துச்சு. வந்திருச்சு. பொன்னாயி அக்கா முடியைப் புடிச்சு இழுக்கலைன்னா ஓடுற தறி மேலயே விழுந்திருப்பேனாம். கீழ விழுந்ததுல தாடையில எட்டுத் தையல்.

முழிச்சப்ப அப்பா கீழ உக்காந்து என் காலைப் புடிச்சுக்கிட்டிருந்தார். "தறியை நிறுத்தறதுக்குள்ள... தறியை நிறுத்தறதுக்குள்ள..."ன்னு அதையே சொல்லிட்டிருந்தார். அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை.

பத்து வருசம்னு எழுதியிருக்கே. பத்து வருசம் நான் இருப்பேனா அக்கா? அடுத்த தடவை பொன்னாயி அக்கா பக்கத்துல இருப்பாங்களா?

அதனால கேக்கறேன். அந்தப் பொடியில கொஞ்சம் எனக்குக் கொடு. சுண்டெலிக்கு இவ்வளவுன்னா என் எடைக்கு எவ்வளவுன்னு நானே கணக்குப் போட்டுக்குவேன், ரெண்டு வருசம் கணக்குத்தானே படிச்சேன். ஏதாச்சும் ஆனா நான்தான் திருடினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். எலிக்குக் கொடுக்கிறதை எனக்குக் கொடுக்க மாட்டியா?

தனம்


குமாரபாளையம்
14.10.2024

என் சாமி,

உன் லெட்டரைக் கையில வெச்சுக்கிட்டே லேபுக்குப் போனேன். யாரும் இல்லை. உன் எடையைப் போட்டு, தராசுல பொடியை நிறுத்து, காகிதத்துல மடிச்சுப் பையில வெச்சுட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். சேலம் பஸ் நின்னுக்கிட்டிருந்துச்சு. ஏறலை. திரும்பி வந்து பொடியைக் கொட்டி அழிச்சுட்டேன்.

ஏன்னு உனக்குச் சொல்லணும். இந்தப் பொடி ஈரலை என்ன பண்ணும்னு தெரியாது. நீ சாப்பிடற மூணு மாத்திரையோட சேர்ந்தா என்ன ஆகும்னு தெரியாது. வலிப்பை அடக்குறதுக்குப் பதிலா நிறுத்த முடியாதபடி கிளப்பிவிட்டா, நான் அம்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பேன். கந்தப்பன் அண்ணன் காலையில கூண்டைத் திறந்து செத்த எலியைப் பார்க்கிற மாதிரி, யாராச்சும் உன்னைப் பார்ப்பாங்க. என்னால முடியாது தனம்.

நீ இங்க வந்துடு. மாமாவே கூப்பிடறார். வேற பெரிய ஆஸ்பத்திரியில காட்டலாம், ஆபரேசன் பண்ண முடியுமான்னு கேக்கலாம். தறிக்கூடத்துப் பக்கம் மட்டும் போகாதே.

அக்கா


ஜலகண்டாபுரம்
9.11.2024

அக்கா,

உன் பயம் எனக்குப் புரியுது. எனக்கும் பயம்தான். ஆனா என் பயத்துக்கு யாரும் மதிப்புக் கொடுக்கலை.

உங்க வீட்டுக்கு நான் வந்தா அம்மா உசிரோட இருக்க மாட்டாங்க. ஒரு பொண்ணு போனதுக்கே அப்பா எந்த விசேசத்துக்கும் போறதில்லை. நீ போயிட்டே. மிச்சம் நான்தான் இருக்கேன். இதைக் கோவத்துல எழுதலை, நெசமாவே அப்படித்தான்.

என் எலி எப்படி இருக்கு? அதுக்கு மருந்து கொடுத்தாச்சா? அதையாச்சும் சொல்லு.

தனம்


குமாரபாளையம்
22.12.2024

தனம்,

இந்த லெட்டரை எழுத ஒரு வாரமா உக்காந்து உக்காந்து எழுந்திட்டேன்.

பதினேழு தோத்துப் போச்சு. மூளை பழகின எலிகள்கிட்ட அது ஒண்ணுமே செய்யலை. அளவைக் கூட்டினோம். கூட்டினா, தள்ளாடுதான்னு பார்க்க வெச்சிருக்கிற சுத்துற கம்பி மேல நிக்க முடியாம ஒவ்வொண்ணாக் கீழ விழுது, போதை ஏறின மாதிரி. வலிப்பு மட்டும் அப்படியே வருது. எட்டுல ரெண்டு செத்துப் போச்சு.

நீ தனியாக் கேட்டதால சொல்றேன். அந்த ரெண்டுல ஒண்ணு ரெண்டு நீலக் கோடு போட்டது. வலிப்பு வந்து நின்னது, மறுபடி வந்தது, அப்புறம் நிக்கவே இல்லை. இருபது நிமிசம். பிரபாகர் சார் நிறுத்தற ஊசியைப் போடச் சொன்னார், போட்டேன். அப்பவும் நிக்கலை. கந்தப்பன் அண்ணன் கையில ஏந்தி வெச்சுக்கிட்டார். விதிப்படி அப்படிச் செய்யக் கூடாது. நானும் வேண்டாம்னு சொல்லலை.

உனக்குக் கொடுக்காதது சரின்னு இப்ப எனக்குத் தெரியும். அது எனக்கு ஒரு சந்தோசமும் தரலை. உனக்குக் கொடுக்க என்கிட்ட இப்ப ஒண்ணும் இல்லைங்கிறதும் சேர்ந்துதானே தெரிஞ்சது. "இதுவும் ஒரு முடிவுதாம்மா, உள்ளது உள்ளபடி எழுதிடு"ன்னு சார் சொன்னார். அவருக்கு இது என் ஆய்வேட்டுல ஒரு அத்தியாயம்.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


ஜலகண்டாபுரம்
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

திட்ட ஒண்ணும் இல்லை. நீ எனக்காக மூணு வருசம் எலி நாத்தத்துல நின்னே. அந்தக் கந்தப்பன் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

தை பொறக்குது. அம்மாகிட்டச் சொன்ன கெடு முடிஞ்சுது. ராசிபுரத்துல இருந்து ஒரு இடம் வந்திருக்கு. பேரு ஜீவானந்தம். பட்டுச் சேலைக் கடையில கணக்குப் பார்க்கிறார். மெதுவாப் பேசறார். நான் சரின்னு சொல்லிட்டேன். மாசியில கல்யாணம்.

இந்தத் தடவை நான் சொல்லலை. அம்மா அவங்க தலையில என் கையை வெச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. மாத்திரையெல்லாம் சத்து மாத்திரை டப்பாவுல மாத்தி வெச்சாச்சு. தாடைத் தழும்புக்கு, சின்ன வயசுல படியில விழுந்தேன்னு சொல்லணும். நானே ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டேன், நல்லாத்தான் வருது.

எனக்கு நல்லாயிடும்னு இருந்த வரைக்கும் உண்மையைச் சொல்லத் தைரியம் இருந்துச்சு. இப்ப இல்லை. இதை நீ படிச்சதும் ராசிபுரத்துக்குக் கிளம்பிப் போய் அவர்கிட்டச் சொல்லணும்னு தோணும், எனக்குத் தெரியும். சொல்லாதே. சொன்னா அதோட நமக்குள்ள ஒண்ணும் இல்லை.

இனி லெட்டர் போட வேண்டாம் அக்கா. உன் லெட்டர் எதை எடுத்தாலும் வலிப்பு வலிப்புன்னுதான் இருக்கு. எல்லாத்தையும் எரிச்சுட்டேன். உன் கையெழுத்து நல்லா இருக்கும், அதை நினைச்சுத்தான் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு.

தனம்


குமாரபாளையம்
18.2.2025

கண்ணு,

இதைப் பொன்னாயி அக்கா கையில கொடுத்து வெக்கிறேன். நீ ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வரும்போது கொடுப்பாங்க. ராசிபுரத்துக்கு அனுப்ப மாட்டேன்.

பொன்னாயி அக்காகிட்ட நாளைக் கேட்டுக்கிட்டு, ஞாயித்துக்கிழமை உன் கல்யாணத்துக்கு நான் வந்திருந்தேன். மண்டபத்துக்கு எதிர்ல இருக்கிற பேக்கரியில டீ வாங்கிட்டு நின்னேன். நீயும் அவரும் கார்ல ஏற வெளியே வந்தீங்க. மேளக்காரர் உன் காதுகிட்டயே அடிச்சார், போட்டோக்காரர் கண்ணுக்கு நேரா லைட்டைப் புடிச்சார். உனக்கு வந்திடுமோன்னு டீ கிளாஸை வெச்சுட்டு ஓடி வரத் தயாரா நின்னேன். ஒண்ணும் ஆகலை. நீ என்னைப் பார்த்தே. பார்த்துட்டு, அவர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னே. அவர் சிரிச்சார்.

இது மட்டும் முக்கியம். மாத்திரையை ஒரு வேளை கூட விடாதே. அப்புறம், நீ சாப்பிடறதுல அந்தப் பெரிய வெள்ளை மாத்திரை வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆகாது. அதுக்காக நீயா நிறுத்திடாதே, நிறுத்தினா உனக்கு ஆபத்து. குழந்தைக்கு நினைக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்டப் போய், மெதுவா வேற மாத்திரைக்கு மாத்திக்கணும். இதை அம்மா உனக்குச் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கே தெரியாது. அடுப்புகிட்ட நிக்கும்போது பக்கத்துல யாராவது இருக்கட்டும். ஏன்னு கேட்டா ஏதாவது சொல்லிக்கோ. பொய்தான் நல்லா வருதே உனக்கு.

இந்தக் கடைசி வரியை அடிச்சுடலாம்னு பார்த்தேன். காகிதம் கிழியுது. அப்படியே இருக்கட்டும், மன்னிச்சுக்கோ.

அக்கா


குமாரபாளையம்
11.8.2025

தனம்,

பொன்னாயி அக்கா போன் பண்ணினாங்க. ஆடி பதினெட்டுக்கு வந்து நாலு நாள் இருந்தியாமே. லெட்டரை நீட்டினப்ப, "வேண்டாங்க்கா, அடுப்புல போட்டுடுங்க"ன்னு சொன்னியாம். அவங்க போடலை. இப்பவும் அவங்ககிட்டத்தான் இருக்கு, இதையும் அதோட சேர்த்து வெக்கச் சொல்றேன்.

வலது கையில மணிக்கட்டுலேருந்து முழங்கை வரைக்கும் வெந்திருக்காம். குழம்பு கொட்டிடுச்சுன்னு சொன்னியாம். பத்து வயசிலிருந்து சமைக்கிறே, உன் கையில ஒரு சூடு பட்டு நான் பார்த்ததில்லை.

நீ முழுகாம இருக்கேன்னும் சொன்னாங்க. மூணாவது மாசமாம். அம்மா தெருவெல்லாம் சக்கரை கொடுத்தாங்களாம். அந்த லெட்டரை நீ அன்னிக்கு வாங்கியிருந்தாலும் மாத்திரையை மாத்தற நேரம் தாண்டிப் போயிருக்கும். பிப்ரவரியிலேயே நான் ராசிபுரத்துக்கு அனுப்பியிருக்கணும். உன் பேச்சைக் கேட்டு சும்மா இருந்துட்டேன்.

இன்னைக்குக் காலையில ஜீவானந்தத்துக்கு ரெஜிஸ்டர் தபால் போட்டுட்டேன். அவர் வேலை பார்க்கிற கடை விலாசத்துக்கு, அவர் கையில மட்டும் கொடுக்கிற மாதிரி. எல்லாத்தையும் எழுதினேன். எத்தனை வயசுல வந்தது, எந்தெந்த மாத்திரை, எந்த டப்பாவுல இருக்கு, சேலத்துல எந்த டாக்டர். இந்த வாரமே கூட்டிட்டுப் போகணும்னு எழுதினேன். நீ மறைச்சது உன் விருப்பம் இல்லைன்னும் எழுதினேன். முன்னால ஒரு பையன்கிட்ட நீயே வாயைத் திறந்து சொன்னதையும், அதுக்கு வீட்டுல என்ன நடந்ததுன்னும் எழுதினேன்.

நமக்குள்ள இனி ஒண்ணும் இல்லைங்கிறது தெரிஞ்சேதான் போட்டேன். தபால்காரம்மா சீட்டுல முத்திரை குத்தினப்பவும் திரும்ப வாங்கிடலாமான்னு நின்னேன். பின்னால வரிசை இருந்துச்சு, நகர்ந்துட்டேன்.

மெதுவாப் பேசறார்னு நீ எழுதினே. அதை மட்டும்தான் நான் நம்பிக்கிட்டிருக்கேன். கடைசியா அவருக்கு, "டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க, திருப்பி மட்டும் அனுப்பிடாதீங்க"ன்னு எழுதினேன். ரெண்டுல எதைச் செய்வார்னு எனக்குத் தெரியாது.

மோகனா